ஐந்து மணிக்காரருக்கு எழுதியது

இப்போதெல்லாம் மனிதர்கள் பதில் சொல்வதில்லை. ஒன்று கேட்டால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் ஒரு பொம்மையை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். கைநாட்டு வைக்கிறவனை ஒரு காலத்தில் கேலி செய்தார்கள். இன்றைக்குப் படித்தவன் எல்லாம் கட்டை விரலைத்தான் நீட்டுகிறான், அதற்கு மட்டும் நாகரிகம் என்று பெயர்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம். ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு, ஆள் கிடைக்கவில்லை என்று மறுபடி கூப்பிட்டுக்கொண்டார்கள். காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை என் வேலை. இரண்டு பம்ப், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். இரண்டிலிருந்து ஐந்து வரை நிலையத்தில் யாரும் கிடையாது, மோட்டார் தானாக ஓடும். ஐந்துக்கு இன்னொருவர் வருவார். அவர் கிளம்பியபின் நான் வருவேன், நான் கிளம்பியபின் அவர் வருவார். மூன்று வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

ஆனால் பேசிக்கொண்டோம். கம்ப்யூட்டரில் பணிப்பதிவு என்று ஒன்று உண்டு. அதன் அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். அடுத்து வருகிறவருக்குச் சொல்ல வேண்டியதை அதில் எழுத வேண்டும். நான் ஒற்றை விரலால், கோழி தானியம் கொத்துகிற மாதிரி, எழுத்து எழுத்தாகக் கொத்துவேன். முதல் பம்ப் சூடாகிறது, எண்ணெய் தீரப் போகிறது, இப்படி. அவரும் எழுதுவார். நாற்காலியைத் தினமும் உச்சிக்கு ஏற்றி வைத்துவிட்டுப் போவார். எனக்குக் கால் தரையில் எட்டாது. ஒருநாள், “மச்சான், நீங்கள் பனைமரம் என்றால் எனக்கும் ஏணி வாங்கிக் கொடுங்கள்” என்று எழுதினேன். மறுநாள் பதில் இருந்தது: “மச்சான் என்று உறவு கொண்டாடினால் உங்கள் தங்கை எங்கே?” தங்கை இல்லாதவன் நான். அன்றைக்கு முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் தனியாள்தானே, சிரித்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? மனைவி போய் ஆறு வருடம்.

குறிப்பின் கடைசியில் எப்போதும் ஒரு வார்த்தை போடுவேன்: “சாப்பிட்டாச்சா?” மறுநாள் காலை அதற்குக் கீழே “ஆச்சு” என்றோ, “இன்னும் இல்லை, வீட்டில் சம்பந்தி வந்து உட்கார்ந்திருக்கிறார்” என்றோ ஒரு வரி இருக்கும்.

ஏழு மாதத்துக்கு முன்பு அந்தப் பதில் நின்றது. கம்ப்யூட்டரில் புதிதாக என்னவோ ஏற்றினார்கள். அதன்பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழாயின் அழுத்தம் எவ்வளவு என்று அதுவே குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி போட ஆரம்பித்தது. ஐந்து மணிக்காரரோ ஒரு எழுத்துகூடப் போடவில்லை. காலையில் கட்டத்தின் கடைசி வரிகளில் அவர் எழுத்தைத்தான் தேடுவேன், நான் எழுதியதைப் போய்த் திரும்பிப் பார்த்ததில்லை. என்ன தப்பாக எழுதினேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். மச்சான் என்றது பிடிக்கவில்லையோ? போகட்டும், பெரிய மனிதர் என்று விட்டுவிட்டேன். ஆனால் நான் எழுதுவதை நிறுத்தவில்லை. எழுதுவது வேலை. கேட்பது பழக்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு இரண்டாம் பம்பின் காப்புமூடி கழன்றது. சுற்றுகிற இணைப்பில் யாரும் கை வைத்துவிடாமல் மறைத்திருக்கும் இரும்பு மூடி அது. போல்ட் அறுந்துவிட்டது. முதல் பம்ப் ஏற்கெனவே பிரித்துக் கிடந்ததால் இதை நிறுத்த முடியாது. பட்டறைக்குச் சொன்னேன், நாளைக்கு வருகிறோம் என்றார்கள். மூடியை முடிந்தவரை சாய்த்து நிறுத்திவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன்: “இரண்டாம் பம்பின் மூடி கழன்றிருக்கிறது. பார்த்தால் மாட்டியிருப்பது போலத் தெரியும். நம்பாதீர்கள். ஓடும்போது பக்கத்தில் கை கொண்டுபோக வேண்டாம்.” வழக்கம்போலக் கடைசியில் சாப்பிட்டாச்சா. இரண்டு மணிக்குப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஐந்து மணிக்காரர், சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியிருக்கிறார். மூடி சரிந்தது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

“பாருங்க ஐயா. நேத்து உங்க குறிப்பு.”

கட்டம் முழுக்க அழுத்தக் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு வார்த்தை: சாப்பிட்டாச்சா?

“மூடி கழண்டது உங்களுக்குத் தெரியும். பட்டறைக்குச் சொல்லியிருக்கீங்க. வர்றவருக்குச் சொல்லாம, சாப்பிட்டாச்சான்னு விசாரிச்சிருக்கீங்க.”

“நாலு வரி எழுதினேன்.”

“எங்க?”

“அதை உங்க மிஷின்கிட்ட கேளுங்க. அதுதான் தின்னிருக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். “எழுத மறந்துட்டேன்னு ஒரு வரி போட்டுக் கொடுங்க. வயசாச்சுன்னா மறதி சகஜம். உங்களை யாரும் தூக்கில போட மாட்டாங்க. இதோட முடிச்சுடலாம்.”

“மறக்கலையே. மறந்திருந்தா மறந்தேன்னு சொல்லிடுவேன்.”

தாளை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வந்தேன். வேலை போனால் போகிறது, வெங்காயம். எனக்கு உறுத்தியது வேறு. அந்த மனிதர் கட்டிலில் படுத்துக்கொண்டு என்ன நினைத்துக்கொண்டிருப்பார்? மூடி கழன்றது தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனான் காலைக்காரன், என்றுதானே? நான் சொன்னேன் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

அன்று வெளியூரில் இருக்கும் மகள் போனில் பேசினாள். அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தத்துக்கு நடுவில்தான் எப்போதும் பேசுவாள். எல்லாம் சொன்னேன். பாத்திரச் சத்தம் நின்றது.

“அப்பா, நிஜமாவே எழுதினீங்களா?”

“ஏண்டி, உனக்குமா?”

“இல்லப்பா, போன மாசம் உங்க மாப்பிள்ளை ஊருக்குப் போனதை ரெண்டு தடவை கேட்டீங்களே, அதான்…”

போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு எனக்கே ஒரு சந்தேகம் வந்தது, அதை யாரிடம் மறைக்க? எழுதினேனா? எழுதியதாக நினைத்தேனா? சுவரைப் பார்த்து அந்த நாலு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். தடுமாறாமல் வந்தது. எழுதாத ஒன்று இப்படி வருமா?

வெள்ளிக்கிழமை, அந்தக் கம்ப்யூட்டர் வேலையைச் செய்து கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். மேனேஜர் கூப்பிட்டு வந்தவள் என்பதால் எனக்கு நம்பிக்கை இல்லை. தன் பொருளில் ஓட்டை என்று எந்த வியாபாரி சொல்வான்?

அவள் விரல்கள் மழை மாதிரி விழுந்தன. நாலு வரி அடித்தாள், சேமித்தாள், மூடித் திறந்தாள். எழுத்து அப்படியே இருந்தது. பத்து முறை செய்தாள். பத்து முறையும் இருந்தது.

“நீங்க அடிச்சுக் காட்டுங்க ஐயா.”

பக்கத்தில் ஒருத்தி நின்றுகொண்டு பார்த்தால் எப்படி இருக்கும்? பரீட்சை எழுதுகிற மாதிரி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் கொத்தி முடித்து, சேமித்தேன். என்னுடையதும் இருந்தது.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு ஐயா.”

“அப்போ நான் பொய்யன். எழுதிக்கோ.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனாள். அங்கிருந்து திரும்பினாள். “பழைய பதிவெல்லாம் பார்த்தேன். ஏழு மாசமா தினமும் மேல சாப்பிட்டாச்சான்னு மட்டும்தான் இருக்கு. மறதிக்காரர் ஒரே வார்த்தையை மட்டும் தினமும் மறக்காம இருப்பாரா? எனக்கு இடிக்குது. நாளைக்கு மறுபடி வரேன். தினமும் நீங்க என்ன செய்வீங்களோ அதையே, அந்த நேரத்துலயே செய்யுங்க. நான் ஒருத்தி இருக்கேன்னே நினைக்காதீங்க.”

வேவு பார்க்கிறாள் என்று தோன்றியது. பார்க்கட்டும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

மறுநாள் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு மூலையில் உட்கார்ந்தாள். ஒன்று நாற்பத்தொன்றுக்கு நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொத்த ஆரம்பித்தேன். ஒன்று நாற்பத்தாறுக்கு நாலு வரி முடிந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். எழுந்து பம்புகளைக் கடைசியாக ஒரு சுற்று பார்க்கப் போனேன். பம்ப் பக்கம் கண்ணாடியோடு போனால் தண்ணீர் தெறித்து மங்கிவிடும். பார்த்தபின் கை கழுவி வந்து, கடைசி வார்த்தையைப் போட்டு, சேமித்துவிட்டுக் கிளம்புவேன். அந்த ஒரு வார்த்தைக்காகக் கண்ணாடியை மறுபடி மாட்டுவதில்லை. அந்த எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று விரலுக்கே தெரியும்.

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

“ஐயா! ஓடி வாங்க! ஓடி வாங்க!”

பாம்புதான் வந்துவிட்டது என்று தடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் டின்னை உருட்டிவிட்டு எழுந்து நின்றிருந்தாள், வாயில் கை வைத்தபடி. கடிகாரத்தில் ஒன்று ஐம்பது.

“போச்சு. என் கண்ணு முன்னாடியே போச்சு.”

கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். என் நாலு வரி இல்லை. அழுத்தக் கணக்கு மட்டும் புதிதாக ஒரு வரி கூடியிருந்தது. அவள் ஏதோ இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். ஒன்றும் திரும்பவில்லை.

“என்ன பண்றே?”

“அழிஞ்சதைத் திருப்பிக் கொண்டுவரப் பார்க்கறேன். வராது. மனுஷன் அடிச்சு அழிச்சா அதுக்கு ஞாபகம் இருக்கும். இது புரோகிராமே மாத்தினது. அதுக்குத் திரும்பிப் போற வழியை நாங்க வைக்கலை.”

“திருடன் கையில சாவியையும் கொடுத்து, காவலும் வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க.”

“அப்படித்தான் ஆயிடுச்சு.” அவள் தலையைச் சொறிந்துகொண்டு விளக்கினாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் புரோகிராம் அழுத்தத்தை எழுத வரும். வந்தால் கடைசியில் ஒரு வரி ஒட்டிவிட்டுப் போகாது. முன்பு சேமித்து வைத்ததை எடுத்து, அதோடு புது வரியைச் சேர்த்து, கட்டத்தில் இருப்பதை மொத்தமாகத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வைத்துவிடும். நடுவில் ஒருவன் அடித்துச் சேமிக்காமல் வைத்திருந்தால், அது அதன் கணக்கிலேயே இல்லை. எழுத்து விழுகிற இடத்தில் மினுக்குகிற அந்தக் குச்சியும் கட்டத்தின் உச்சிக்குப் போய்விடும். நான் கண்ணாடி இல்லாமல் வந்து போடுகிற வார்த்தை போய் உட்காரும் இடம் அதுதான்.

“நாங்க சோதிக்கறப்போ எல்லாரும் ஒரே மூச்சுல அடிச்சுடுவோம். அடிச்ச உடனே சேமிச்சுடுவோம். நடுவுல எழுந்து போய்க் கை கழுவிட்டு வர்றவர் இருப்பாருன்னு யாருக்குமே தோணலை.”

“உலகத்துல கை கழுவுறவன் நான் ஒருத்தன்தானா?”

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “மன்னிச்சுக்கோங்க ஐயா” என்றாள். மேனேஜருக்கு இரண்டு பக்கம் எழுதினாள். எனக்கும் ஒரு படி எடுத்துக் கொடுத்தாள்.

மேனேஜர் படித்துவிட்டு, “நல்லது, உங்க மேல தப்பில்லை” என்றார்.

“அவருக்குச் சொன்னீங்களா?”

“எவருக்கு?”

“விரல் போனவருக்கு.”

“அறிக்கையை ஏத்தியாச்சே. எல்லாரும் பார்த்துக்கலாம்.”

எங்கே ஏற்றினாரோ. யார் பார்க்கிறார்களோ. விலாசத்தை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன்.

மூன்றாம் மாடி. வெளிச்சம் வராத படிக்கட்டு. ஒரு அம்மா சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தாள்.

“யாரு?”

“காலைக்காரர்னு சொல்லுங்க.”

சங்கிலி சட்டென்று எடுபடவில்லை. “நாற்காலியை இறக்கி வைக்கறவரா?” என்றாள்.

“அவரேதான்.”

கதவு திறந்தது. உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, மடித்துப் போட்ட துணிகள். கட்டிலில் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். பனைமரம் இல்லை. என் தோளுக்கு வருவார்.

“அப்புறம் எதுக்கய்யா நாற்காலியை அவ்வளவு உசரம் ஏத்தறீங்க?” என்றேன். முதல் வார்த்தை அதுவாகவா இருக்க வேண்டும்!

“ஜன்னல் எட்டாது. சாயங்காலம் ரோட்டுல ஆள் நடமாட்டத்தைப் பார்த்துக்கிட்டிருந்தா பொழுது போகும்.”

தாளை நீட்டினேன். வலது கை நீண்டு பாதியில் நின்றது. இடது கையால் வாங்கி, மனைவியிடம் கொடுத்தார். அவள் சத்தமாகப் படித்தாள். நடுவில் நான் அந்த நாலு வரியையும் சொன்னேன், ஒரு எழுத்து குறையாமல். அவர் கடைசிவரை கேட்டார்.

“சரி. எழுதினீங்க. நம்பறேன்.” கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் நகர்த்தி வைத்தார். “ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“என் போன் நம்பர் நிலையத்துச் சுவத்துலதானே ஒட்டியிருக்கு? விரலை நறுக்கற சமாச்சாரம். ஒரு போன் போட்டிருக்கலாமே?”

 மூன்று வருடமாக அந்த எண்ணுக்குக் கீழேதான் என் சட்டையை மாட்டுகிறேன். ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. பதில் எழுதாத மனிதருக்கு எதற்குப் போன் போட வேண்டும் என்ற வீம்பு உள்ளே எங்கேயோ இருந்திருக்கலாம். அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, “நீங்க ஏன் எழுதறதை நிறுத்தினீங்க?” என்று கேட்டேன்.

“யாருக்கு எழுத? நீங்கதான் திடீர்னு நிறுத்திட்டீங்க.”

“தினமும் சாப்பிட்டாச்சான்னு கேட்டேனே!”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் துணியைப் பார்த்தாள்.

“அது நீங்களா?” என்றார். “அழுத்தம் எவ்வளவுன்னு அதுவே போட ஆரம்பிச்சுதில்ல, அந்த வாரத்துலேர்ந்து மேல இதுவும் வந்துது. தினமும் ஒரே இடம், ஒரே வார்த்தை. மிஷின் கேக்குதுன்னு நினைச்சேன். மிஷினுக்கு யாராவது பதில் சொல்லுவாங்களா?”

அந்த அம்மா தாளை மடித்து என் கையில் கொடுத்தாள்.

“இனி அங்க வரமாட்டேன்” என்றார். “கை ஆறினாலும் வேண்டாம்னு பையன் சொல்லிட்டான்.”

“சாப்பிட்டுப் போங்க அண்ணே” என்றாள் அந்த அம்மா.

“சாப்பிட்டாச்சும்மா” என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பெண் புதிதாக ஏற்றிக் கொடுத்தாள். இனிமேல் அது மொத்தத்தையும் தூக்காது, கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்க்கும், நீங்கள் எழுதுகிற இடத்தைத் தொடாது, தப்பாக மாற்றினாலும் திரும்பி எடுக்கலாம் என்றாள். அடித்துப் பார்க்கச் சொன்னாள். ‘இரண்டாம் பம்பின் மூடி மாட்டியாயிற்று, ஒரு போல்ட் மட்டும் இன்னும் தளர்வு, கிட்டே போக வேண்டாம்’ என்று அடித்தேன். எழுந்து போய்ச் சுற்றிவிட்டு, கை கழுவி வந்தேன். இந்த முறை கண்ணாடியை மாட்டினேன். ஒன்று ஐம்பத்திரண்டு. எழுத்து இருந்தது. கடைசி வார்த்தையும் போட்டேன். விரல் தானாகப் போட்டுவிட்டது.

“பாருங்க, அப்படியே இருக்கு!” என்றாள் அவள்.

“இன்னைக்கு இருக்கு.”

“சோதிச்சுப் பார்த்தேன், சரியா இருக்குன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க ஐயா.”

“அப்புறம் பார்க்கலாம்.”

தாளை மேசையில் வைத்து, அதன்மேல் பேனாவையும் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு மணிக்குப் பூட்டினேன். வீட்டுக்குப் போகவில்லை. புதிதாக வருகிறவரின் எண் இன்னும் சுவரில் ஒட்டவில்லை. வாசலுக்கு எதிரே ஒரு கல் கிடந்தது, அதில் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம். அங்கே உட்கார்ந்தபோதுதான், ரோட்டில் போகிறவர்களைப் பார்த்தால் பொழுது போவது உண்மை என்று தெரிந்தது.

ஐந்துக்கு அவர் வந்தார். நாற்பது வயது, காதில் ஏதோ செருகியிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்க்கிறவரைக்கும் வாசலில் நின்றேன்.

“தம்பி, ரெண்டாம் பம்ப்ல…”

“போல்ட் தளர்வு. கிட்ட போகக்கூடாது. படிச்சுட்டேன் பெரியவரே, இதுல இருக்கே.”

“என்ன எழுதியிருக்கு, படி.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் படித்தார். இரண்டாம் பம்பின் மூடி மாட்டியாயிற்று, ஒரு போல்ட் மட்டும் இன்னும் தளர்வு, கிட்டே போக வேண்டாம். ஒரு எழுத்து குறையவில்லை.

“கடைசியில சாப்பிட்டாச்சான்னு ஒண்ணு வருது” என்றார், கை நாற்காலியின் பிடியைத் தேடிக்கொண்டிருந்தது.

‘ஆச்சு’ என்று வருமா என்று நின்றேன். அவர் நாற்காலியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டு, காதில் செருகியதை இன்னும் அழுத்திக்கொண்டார்.

கையெழுத்துப் போடாத தாள் மேசையிலேயே கிடந்தது. வெளியே வந்து நடந்தேன். சரியாகத்தான் படித்தார். இருந்தாலும், நாளைக்கும் ஐந்து வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சரி என்று சொல்ல முடியும்.